சைக்கிளில் கை மரத்துப்போகிறது: கையுறை போதுமா, வண்டியையே மாற்ற வேண்டுமா?

03-06-2024, கேள்வி

எனக்கு வயது 47. காலையில் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை போய்த் திரும்புகிறேன். நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் (சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகை) வண்டி. முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. அதன்பின் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மதமதத்துப்போய், உள்ளங்கையின் அடியிலிருந்து முழங்கையை நோக்கிச் சுரீரென்று ஒரு வலி ஓடுகிறது. ஜெல் வைத்த கையுறை வாங்கியும் வித்தியாசம் இல்லை. அதைவிடத் தடிமனான கையுறை இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். நேர் ஹேண்டில்பார் வண்டிகளே நமக்கு ஒத்துவராதவை என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

03-06-2024, இரவு, பதில்

தடிமனான கையுறையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பதைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பலர் "கை வலிக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வதால் அவர்களுக்குப் பதில் சொல்லவே முடிவதில்லை.

சுண்டுவிரலும், மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் அல்நார் நரம்பைச் சேர்ந்தவை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் மற்றப் பாதி ஆகியவை மீடியன் நரம்பைச் சேர்ந்தவை. மீடியன் நரம்பு மணிக்கட்டின் நடுவே கார்ப்பல் டனல் என்ற குறுகிய பாதை வழியாக உள்ளங்கைக்குள் வருகிறது. அல்நார் நரம்பு அதற்குள் நுழையாமல், சுண்டுவிரல் பக்கத்தில் உள்ளங்கை தொடங்கும் இடத்தில், இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே உள்ள குறுகலான வழியில், தோலுக்கு மிக அருகிலேயே வருகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவரான கியோன் 1861-இல் விவரித்த இந்த இடத்துக்குக் கியோன் கால்வாய் என்று பெயர். நேர் ஹேண்டில்பாரின் மேல் சாய்ந்து ஓட்டும்போது மேலுடலின் எடை வந்து இறங்குவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

நீங்களே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. மரத்துப்போயிருக்கும் நேரத்தில் புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அந்தப் பகுதிக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்குச் சில அங்குலம் முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே உள்ளங்கைப் பக்கம் மரத்திருந்து புறங்கையில் உணர்ச்சி வழக்கம்போல் இருந்தால் நரம்பு அழுந்துவது மணிக்கட்டில். புறங்கையும் சேர்ந்து மரத்திருந்தால் முழங்கையையோ கழுத்தையோ சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் ஹேண்டில்பாரில் எதை மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது.

எனக்கு இடக்கையில் கார்ப்பல் டனல் (அந்தப் பாதையில் மீடியன் நரம்பு அழுந்தும் தொல்லை), வலக்கையில் உங்களுக்கு இருக்கும் அதே தொல்லை. முதலாவது அலுவலகக் கணினி கொடுத்தது; இரண்டாவது கல்லணைச் சாலை கொடுத்தது.

04-06-2024

புறங்கையில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இனி வண்டிக்கு வரலாம்.

கை வலி என்றதும் எல்லோரும் ஹேண்டில்பாரைப் பார்க்கிறார்கள். நான் முதலில் சீட்டைப் பார்க்கச் சொல்வேன். கைக்கு எவ்வளவு எடை போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சீட்டுதான். அங்கிருந்து வரும் எடையைக் கை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. வாகனம் வராத சமதளச் சாலையில் வழக்கமான வேகத்தில் மிதித்துக்கொண்டே, உடலை நிமிர்த்தாமல், உள்ளங்கைகளைக் கிரிப்பிலிருந்து ஒரு நூல் அளவு தளர்த்திப் பாருங்கள். கையை எடுக்க வேண்டியதில்லை. விரல்கள் வளைந்தபடியே இருக்கட்டும். உடல் அப்படியே நின்றால் எடை சரியாகப் பிரிந்திருக்கிறது. முன்னால் சரிந்தால் இதுவரை உங்கள் கைகள் தூணாக நின்று உடலைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று பொருள்.

அப்படிச் சரிவதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, சீட்டின் மூக்கு கீழ்நோக்கி இருப்பது. தொடையிடுக்கில் அழுத்தம் குறையும் என்று பல கடைகளில் மூக்கை இறக்கிக் கொடுக்கிறார்கள். அழுத்தம் குறைவது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உடல் சிறிது முன்னால் வழுக்குகிறது. அதைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளும் வேலை கைக்கு வந்துசேர்கிறது. சீட்டின் மேல் ஒரு கெட்டி அட்டை நோட்டை வைத்து, அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தையோ, கைபேசியில் மட்டம் பார்க்கும் செயலியையோ வைத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சீட்டு நாலைந்து டிகிரி சாய்ந்திருக்கலாம். அதை மட்டமாக்குங்கள்.

இரண்டாவது காரணம், சீட்டு மிகவும் முன்னால் இருப்பது. பின்னால் தள்ளினால் ஹேண்டில்பார் இன்னும் தூரமாகி, கை மேலும் நீளவேண்டியிருக்குமே என்று தோன்றும். தூரம் கூடுவது உண்மை. ஆனால் இடுப்பு பெடலுக்குப் பின்னால் போகப்போக, குனிந்திருக்கும் மேலுடலைத் தொடையும் பாதமுமே சமன் செய்துகொள்கின்றன. சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி நின்று, தரையில் கிடக்கும் சாவியைக் குனிந்து எடுக்கப் பாருங்கள், முன்னால் விழுவீர்கள். சுவரைவிட்டு விலகி நின்றால் இடுப்பு தானாகப் பின்னுக்குப் போகும், சாவி கைக்கு வரும். சைக்கிளிலும் அதே கணக்குத்தான். ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுக்கத் தொடங்கினால் பாதியைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

05-06-2024

"ஹேண்டில்பாரை உயர்த்தினால் போதும், சீட்டையெல்லாம் எதற்குத் தொட வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உயர்த்துவது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டான ஸ்டெம் எந்த வகை என்று பார்க்காமல் அதைச் சொல்வதில் பயனில்லை. பழைய வண்டிகளில் ஸ்டெம்மின் தண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் உயர்த்திக்கொள்ளலாம். தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தவே கூடாது. இன்றைய ஹைப்ரிட்களில் ஸ்டெம் வெளியிலிருந்து ஃபோர்க் குழாயைக் கவ்விக்கொள்கிறது. அதன் கீழே வளையங்கள் இருந்தால் அவற்றை இடம் மாற்றிச் சிறிது உயர்த்தலாம். வளையம் எதுவும் மிச்சமில்லையென்றால் உயர்த்தும் துண்டு ஒன்றையோ, மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம்மையோ தனியாக வாங்க வேண்டும். எதைச் செய்தாலும், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் கேபிள் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாலைக்கு எடுத்துவர வேண்டும்.

சீட்டு முன்பக்கம் சாய்ந்திருக்கும் வண்டியில் ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்தினால், வழுக்கி வரும் உடலைச் சற்று உயரமான இடத்தில் தாங்குகிறீர்கள், தாங்குவது நிற்கவில்லை.

09-06-2024

கையுறையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டதால் இந்தக் குறிப்பு நீளும்.

ஜெல் மென்மையானது, ஆகவே மெத்தை போலத் தாங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் அழுத்தும் இடத்திலிருந்து ஜெல் ஒதுங்கி ஓரத்தில் திரண்டுகொள்கிறது. சில கையுறைகளில் சுண்டுவிரல் பக்கத் திட்டு சரியாக நரம்பு வரும் வழியின் மேலேயே தைக்கப்பட்டிருக்கும். மணிக்கட்டிலிருந்து இறங்கும் நரம்பை அந்தத் திட்டே போய் அழுத்துகிறது. நல்ல கையுறையில் திட்டுகள் இரண்டாகப் பிரிந்து நடுவே பள்ளம் விட்டிருக்கும். கடையிலேயே அணிந்து, கவுன்ட்டர் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி, எந்த இடம் முதலில் அழுந்துகிறது என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். தடிமன் கூடக்கூட இன்னொரு சிக்கலும் வருகிறது: பிடி பெரிதாகிவிடுவதால் விரல்கள் அதைச் சுற்றி வர முடியாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. இறுக்கிப் பிடிப்பது மீடியன் நரம்புக்கு ஆகாது. என் இடக்கைக்குத் தடித்த கையுறை நேர்ப்பகை.

எனக்கு உண்மையிலேயே பலன் தந்தது, வெளிப்பக்கம் அகன்று சிறகு போல விரியும் கிரிப். எர்கான் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கிரிப்கள் இந்த வடிவத்துக்குப் பெயர்பெற்றவை. அதே வடிவத்தில் விலை குறைந்தவையும் நிறைய வந்துவிட்டன. நேர் ஹேண்டில்பாரில் கிரிப் பொருந்தும் இடத்தின் விட்டம் பெரும்பாலும் 22.2 மி.மீ. என்பதால் பொருத்துவதில் சிக்கல் இல்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி முழுவதும் அகலமான பரப்பில் உட்காருவதால் எடை ஒரே புள்ளியில் இறங்குவதில்லை. ஆனால் கோணம் தவறினால் வெறும் உருளைக் கிரிப்பைவிட மோசமாகிவிடும். சிறகு மிகவும் கீழே தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடியும். மிகவும் உயர்ந்திருந்தால் சிறகின் விளிம்பு நேராகக் கியோன் கால்வாயில் போய்க் குத்தும். சீட்டில் உட்கார்ந்து, பிரேக் லீவரில் விரல் வைத்தபடி, முன்கையிலிருந்து விரல்முட்டி வரை ஒரே கோடாக வருகிறதா என்று வேறொருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் போல்ட்டை இறுக்குங்கள்.

10-06-2024

ஹேண்டில்பாரில் துண்டு சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகச் சுற்றலாம், வேர்த்தால் முகம் துடைக்கவும் ஆகும். ஆனால் திடீரென்று பிரேக் பிடிக்கும் நேரத்தில் துண்டு கையோடு சேர்ந்து சுழன்றுவிடும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிச் சுற்றுவது அதைவிட நல்லது, சுழலாது. இரண்டுமே தடிமனைக் கூட்டுபவை என்பதால் நேற்று எழுதியது இவற்றுக்கும் பொருந்தும்.

16-06-2024

கேட்டவர் திருவையாற்றுச் சாலையில் போகிறவர் என்பதால் டயரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. அந்த வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். பாலம் தொடங்கும் இடத்தில் சாலைக்கும் பாலத்துக்கும் இடையே ஒரு படி. நடுவே இணைப்பு இடைவெளிகள். இறங்கும் இடத்தில் மறுபடியும் ஒரு படி. நன்றாகக் காற்றடித்த ஒல்லி டயரில் இவை ஒவ்வொன்றும் ஃபோர்க் வழியாக உள்ளங்கைக்கு வந்துசேரும். முழங்கையை நேராகப் பூட்டிக்கொண்டு ஓட்டுபவருக்கு அது தோள்பட்டை வரை போகும். முழங்கை சற்று மடிந்திருந்தால் பாதியிலேயே கரைந்துவிடும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தையே அடிக்க வேண்டிய அழுத்தமாகக் கொள்வது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம். கட்டைவிரலால் அமுக்கி, கல்லாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலருக்குத் திருப்தி. அது தாண்டக் கூடாத எல்லை, அவ்வளவுதான். என் எடை 70 கிலோ. 35 மி.மீ. அகலமுள்ள 700×35 டயரில் 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை அடித்து ஓட்டிக்கொண்டிருந்த நான் பின்னால் 55, முன்னால் 48 பி.எஸ்.ஐ. என்று குறைத்த பிறகு, அதே பாலங்களில் அதிர்ச்சி தாடையில் தெரிவது நின்றது. முன்சக்கரத்தின் மேல் எடை குறைவு என்பதால் அதில் காற்றும் குறைவாக இருக்கலாம். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழும் என்பதால் ஒரு தடவைக்கு ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் இடம் கொடுத்தால் 28 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 35 அல்லது 38 போடுவது, கைக்காகச் செய்யும் செலவுகளிலேயே கணக்குக்கு வருகிற செலவு.

முன்னால் ஸ்பிரிங் உள்ள ஃபோர்க் வைத்துக்கொள்ளலாமா? மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டும். பெரிய பள்ளங்களை ஓரளவு விழுங்கும். தார்ச்சாலையின் நுண்ணிய அதிர்வை விடாமல் கைக்கு அனுப்பிவைக்கும். நரம்பை மரக்கச் செய்வதில் அந்த நுண்ணிய அதிர்வுக்குப் பங்கு பெரிது.

22-06-2024

"தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளில் யாருக்குக் கை மரத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலஸ் வண்டிகளையும் அந்த வகையில் வந்த மற்ற வண்டிகளையும் நினைத்துப் பாருங்கள். ஹேண்டில்பார் இரு பக்கமும் வளைந்து ஓட்டுபவரை நோக்கி வரும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மணிக்கட்டு பக்கவாட்டில் மடியத் தேவையில்லை. முதுகு நிமிர்ந்திருக்கும். டயர் ஒன்றரை அங்குல அகலம். சீட்டின் அடியில் கனத்த ஸ்பிரிங். மேலுடலின் எடை ஏறக்குறைய முழுவதும் சீட்டுக்கே போய்விடுவதால் கைக்குத் திசை திருப்பும் வேலை மட்டும்தான். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டிகளில் ஊர் ஊராகப் போனவர்களுக்குக் காலும் இடுப்பும் வலித்திருக்கும். கைவலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர்களுடைய கைக்கு வயல் வேலையும் சுமையும் பழக்கமானவை. என்னுடைய கை விசைப்பலகையோடு நின்றுவிட்டது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேட்டவரின் கருத்து இங்கே பாதி சரியாகிறது. நேர் ஹேண்டில்பாரை எடுத்துவிட்டுப் பின்னோக்கி வளைந்ததைப் போட்டுக்கொள்ளலாம். பிரேக் லீவரும் கியர் மாற்றியும் பெரும்பாலும் அப்படியே ஏறிக்கொள்ளும். ஸ்டெம் கவ்வும் இடத்தின் விட்டத்தை மட்டும் பாருங்கள்: புதிய ஹைப்ரிட்களில் 31.8 மி.மீ. இருக்கும், வளைந்த பார்கள் பலவற்றில் 25.4 தான், இடைவெளியை நிரப்பும் அலுமினிய வளையம் ஒன்று தேவைப்படும். வளைந்த பார் கையை ஒரு சாணுக்குப் பக்கமாகப் பின்னால் கொண்டுவந்துவிடும் என்பதால், திரும்பும்போது முழங்கால் பிடியில் இடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்ததும் சீட்டின் மேல் எடை கூடும். ஒல்லியான விளையாட்டுச் சீட்டு அப்போது உறுத்தத் தொடங்கும். கையை ஆற்றப்போய் இடுப்பை நோகச் செய்துகொள்ளாமல், அகலமான சீட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

01-07-2024

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நரம்புத் தொல்லை உள்ள கையில் வலியைவிட ஆபத்தானது வலுக்குறைவு. அல்நார் நரம்பு கியோன் கால்வாய்க்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உணர்ச்சிக்கு, மற்றது உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு. இரண்டாவது கிளை மட்டும் அழுந்தினால் மரத்துப்போதலே இல்லாமல் கை வலுவிழக்கும். வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பும்போதோ சட்டைப் பொத்தானைப் போடும்போதோதான் அது தெரியவரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளை இடுக்கிக்கொண்டு, மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடிக்கக் கட்டைவிரலின் நுனி மடிகிறதென்றால் அந்தத் தசை சோர்ந்திருக்கிறது. அதன்பின் சைக்கிளைத் திருத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வண்டியில் செய்யக்கூடியவை இவை: பிரேக் லீவரில் சிறு திருகு ஒன்று இருக்கும், அதைத் திருகினால் லீவர் பிடிக்கு அருகில் வரும், விரலை எட்டி நீட்ட வேண்டியதில்லை. லீவரைக் கிரிப்பிலிருந்து உட்பக்கமாகச் சிறிது நகர்த்தினால் விரல் லீவரின் நுனியில் விழும். அங்கே குறைந்த வலு போதும். துருப்பிடித்த கேபிளை மாற்றினாலே பாதி சிரமம் குறையும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு ஒரு விரல் போதும். புது வண்டி வாங்கும் நிலையில் இருப்பவர்களை, கைவலி இருந்தால், அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வேன். முன்பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். வலுக்குறைந்த கையில் இருந்தால் கேபிள்களை இடம் மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய வண்டியைச் சொல்லாமல் யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள்.

08-07-2024

சீட்டு மட்டமாக இருக்க வேண்டும் என்று 04-06 அன்று எழுதியதை ஒரு நிபந்தனையோடு படிக்க வேண்டும். கேட்டவர் மட்டமாக்கிய பிறகு கை தேவலை, ஆனால் தொடையிடுக்கில் அழுத்தம் தெரிகிறது என்கிறார். ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு டிகிரி மூக்கை இறக்கலாம். வழுக்கல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். அளவுக்கு மீறி உயரமாக இருந்தால், பெடல் அடியில் இருக்கும்போது காலை எட்டவைக்க இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். அழுத்தம் அதனாலும் வரும், ஆட்டத்தை அடக்கக் கைகள் பிடியை இறுக்குவதும் அதனால்தான்.

சிறகுக் கிரிப்பைப் பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. என் வலப்பக்கச் சிறகு சற்று உயர்ந்தும், இடப்பக்கச் சிறகு அதைவிடத் தாழ்ந்தும் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கோணலாக இருக்கும். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் யாராவது அக்கறையாகச் சமமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது ஹேண்டில்பாரில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

20-07-2024

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து கல்லணை நோக்கி மேற்கே போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காற்றில் தன்னையறியாமல் குனிகிறோம், பிடியை இறுக்குகிறோம், தோளைக் காதுவரை தூக்கிக்கொள்கிறோம். ஜூன் மாதத்தில் சரிசெய்துவிட்டதாக நினைத்த கை ஆடியில் மறுபடியும் மரக்கத் தொடங்கும். வண்டியின் அளவுகளை உடனே மாற்றிவிடாதீர்கள். கியரை ஒன்றிரண்டு குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

சமவெளியில் ஓட்டுவது கைக்குச் சுலபம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. மலைப்பாதையில் ஓட்டுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்தில் பிடியை மாற்றுவார். கை ஒரே நிலையில் இருப்பதில்லை. டெல்டாவில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒரே கியர், ஒரே குனிவு, ஒரே பிடி. ஆகவே நிலையை மாற்றுவதை நாமாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஹேண்டில்பாரின் முனைகளில் கொம்பு போலப் பொருத்தும் பிடிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பிடிக்கும்போது உள்ளங்கைகள் உட்பக்கம் பார்க்கின்றன, அழுத்தம் வேறு இடத்துக்குப் போகிறது. ஆனால் அங்கிருந்து பிரேக் எட்டாது. ஆடும் மாடும் குறுக்கே வரும் இடங்களில் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்குப் பாலங்களே நினைவூட்டல்: பாலம் வந்தால் எழுந்து பெடலில் நின்று, முழங்கையைத் தளர்த்தி, விரல்களை ஒவ்வொரு கையாக விரித்து மடக்கிக்கொள்வேன். மரத்த பிறகு கையை உதறுவதைவிட, மரப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது வேலை செய்கிறது.

27-07-2024

சைக்கிளை அறவே விட்டுவிடச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்ததாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருடைய கையைப் பார்த்தவர் அந்த மருத்துவர், நான் பார்க்கவில்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நரம்புக் கடத்தல் சோதனை செய்தார்களா? அழுத்தம் மணிக்கட்டிலா, முழங்கையிலா? சர்க்கரை பார்த்தார்களா? சர்க்கரை நோய் உள்ளவர்களின் நரம்பு சிறு அழுத்தத்துக்கே சோர்ந்துவிடும். தைராய்டு சுரப்புக் குறைவு கார்ப்பல் டனலோடு சேர்ந்து வருவதுண்டு. பி12 குறைந்தாலும் விரல் மரக்கும், ஆனால் அது பெரும்பாலும் கால்களிலும் சேர்ந்து தெரியும். முழங்கையின் உட்பக்கத்தில் நரம்பு தடித்திருக்கிறதா, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தால், தொழுநோய் இல்லை என்று உறுதி செய்கிறார் என்று பொருள். பதற்றப்பட வேண்டாம், அதற்கு முழுமையான சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று, எல்லோரும் சைக்கிளையே குற்றவாளியாக்குகிறோம். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறவர், வாரத்தின் மற்ற ஆறு நாளும் பைக்கில் அலுவலகம் போகிறார். ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடித்தபடி மணிக்கட்டு பின்னுக்கு மடிந்திருக்கிறது. எஞ்சினின் அதிர்வு இடைவிடாமல் அதே உள்ளங்கைக்குள் போகிறது. வலக்கை மட்டும் மரக்கிறது, இடக்கை நன்றாக இருக்கிறது என்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சைக்கிள் இரண்டு கைக்கும் ஏறக்குறைய ஒரே தொல்லையைக் கொடுக்கும். பைக் வலக்கைக்கே கூடுதலாகக் கொடுக்கும். படுக்கையில் முழங்கையை முழுக்க மடக்கிக்கொண்டு கைபேசி பார்ப்பதும் அல்நார் நரம்பை முழங்கையில் இழுத்துப் பிடிக்கும் வேலைதான்.

ஓட்டிவிட்டு வந்து சில நிமிடங்களில் சரியாகிவிடும் மதமதப்பு வண்டியைத் திருத்தச் சொல்லும் அறிகுறி. மறுநாளும் தொடர்ந்தால், இரவில் எழுப்பினால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே உள்ள சதை மற்றக் கையைவிடக் குழிந்து தெரிந்தால், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வெறும் அழுத்தத்தால் சோர்ந்த நரம்பு, அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிக்கொள்ளும். தொடர்ந்து நசுக்கினால் அந்த உத்தரவாதம் இல்லை.

11-08-2024

கேட்டவர் எழுதியிருப்பது: சீட்டு ஒரு டிகிரிக்குள் மட்டமாகிவிட்டது, ஒரு சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கிறது, டயரில் காற்று குறைந்திருக்கிறது. போகும்போது மரப்பதில்லை, திரும்பி வரும்போது வெண்ணாறு தாண்டி லேசாகத் தொடங்குகிறது. பைக்கை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு இரண்டு வாரம் பேருந்தில் போய்ப் பார்த்ததில் இரவு வலி போய்விட்டதாம். இனி சிறகுக் கிரிப் வாங்குவதா, கோணம் மாற்றக்கூடிய ஸ்டெம் வாங்குவதா என்று கேட்கிறார்.

கிரிப்பை முதலில் வாங்குங்கள். எடை ஏற்கெனவே குறைந்துவிட்டது. மிச்சம் இருக்கும் எடையைப் பரப்பி உட்காரவைப்பதுதான் பாக்கி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. கோணம் மாற்றக்கூடிய ஸ்டெம்மை எப்போதாவது வாங்கினால், அதன் பக்கவாட்டு போல்ட் நாளடைவில் தளரும் என்பதை நினைவில் வையுங்கள். சரியான கோணம் தெரிந்ததும் அந்தக் கோணத்திலேயே நிலையான ஸ்டெம் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுவது பாதுகாப்பு. கிரிப்போடு சேர்த்து 4, 5, 6 மி.மீ. அலன் சாவிகள் உள்ள மடக்குத் தொகுப்பு ஒன்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வைத்த கோணம் பத்தாவது கிலோமீட்டரில் வேறாகத் தோன்றும். அப்போதே இறங்கி, ஒரு நூல் திருப்பி, இறுக்கிவிட்டுப் போகலாம்.